மிச்சம் பிடித்த ஒரு மணி நேரம்

சங்கம் நடத்துவது என்றால் முதலாளியோடு சண்டை போடுவது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். முக்கால்வாசி நாள் நாங்கள் சண்டை போட்டது கடிகாரத்தோடுதான்.

என் நேரத்தைத் திருடியவர்களை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன். முதலில் தறி முதலாளி. ஷிப்டு முடிந்த பிறகும், ‘இந்தத் துண்டை மட்டும் அறுத்துக் குடுத்துட்டுப் போ’ என்று நிறுத்தி வைத்தார். இரண்டாவது போலீஸ். கொடி கட்டினதற்குக் கூட்டிப் போய், பெயரைக்கூடக் கேட்காமல் பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வைத்தது. மூன்றாவது சேலத்துத் தொழிலாளர் துறை அலுவலகம். ஐயா கேம்ப் போயிருக்கிறார் என்ற ஒரே பதிலில் என் வயதில் பாதியைத் தின்றது. நான்காவது நம் ஆட்கள். முதல் மூன்று பேரும் எதிரிகள், பொறுத்துக்கொண்டேன். நான்காவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் திருச்செங்கோட்டுப் பக்கம் விசைத்தறித் தொழிலாளர் சங்கத்துக்கு நான் செயலாளர்; ஆனால் எல்லோரும் என்னைத் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தறிக்கு எண்ணெய் விட ஷெட்டுகள் ஒரு மணி நேரம் நிற்கும். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதற்குள் பேசித் தீர்மானம் போட்டால் திங்கட்கிழமை மனு போகும். இல்லாவிட்டால் இன்னொரு வாரம் பழைய கூலி. அந்த மணி நேரத்தைக் காப்பாற்றினால் சங்கத்தைக் காப்பாற்றலாம் என்று நம்பினேன். கூட்டம் நடத்திப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

இன்னும் ரெண்டு பேரு

எந்தக் கூட்டமும் தொடங்காமல் இருப்பதற்குக் காரணம் வராதவர்கள் அல்ல, வந்தவர்கள். நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவர், ‘இன்னும் ரெண்டு பேரு வரட்டுங்க’ என்பார். அந்த இரண்டு பேர் வந்ததும் அவர்களும் அதையே சொல்வார்கள். ஆறு மணிக் கூட்டம் ஆறேமுக்காலுக்குத் தொடங்கும்.

ஒரு சனிக்கிழமை ஆறு அடித்ததும் கதவைத் தாழ் போட்டேன். தாமதமாக வந்தவர்கள் வெளியே நின்றார்கள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: “ஏனுங்க தலைவரே, மொதலாளிகூட அஞ்சு நிமிசம் பொறுத்துத்தானுங்க கேட்டைச் சாத்துவாரு!”

டீ

அடுத்து டீயை ஒழித்தேன். பாதிக் கூட்டத்தில் டீ வந்தால் பேச்சு நின்றுவிடும். கிளாஸ் திரும்புவதற்குள் கால் மணி நேரம் போயிருக்கும். ‘கூட்டம் முடிந்து அவரவர் குடித்துக்கொள்ளலாம்’ என்று அறிவித்தேன். அதற்குப் பிறகு தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. அந்த வருஷம் கூலியும் கொஞ்சம் உயர்ந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தெறித்து ஒருவருக்குக் கண்ணோரம் அடிபட்டது எனக்கு மட்டும் தெரியவில்லை. ஊருக்கே தெரிந்திருந்தது. டீக்கடைக்காரரிடம், ‘கூட்டத்தில் யாரும் இதைச் சொல்லவே இல்லையே’ என்று கேட்டேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “நீங்க கூட்டத்த முடிச்சுட்டுப் போயிருவீங்க சாமி, அவிங்க அதுக்கப்புறமேலு இங்க வந்துதானுங்க கூட்டமே போடறாங்க” என்றார்.

என் பங்கு

மற்றவர்களின் பழக்கத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். என்னுடையதைச் சங்கத் தலைவர் பழனியப்பன் கண்டுபிடித்தார். எந்தத் தீர்மானத்தை எடுத்தாலும் அதற்கு முன்னால் நான் ஜெயிலுக்குப் போன கதையை ஒருமுறை சொல்வேன். துண்டுப் பிரசுரங்களில் எழுத்துக் கூட்டிப் படித்து வளர்ந்தவன் நான்; வாழ்க்கையில் எனக்கென்று இருந்த பட்டம் அந்த ஜெயில்தான். இன்னும் எதைக் குறைக்கலாம் என்று கூட்டத்தில் கேட்டேன். பழனியப்பன் மட்டும் சொன்னார்: “கோவிச்சுக்காதீங்க, நீங்க செயிலுக்குப் போயி வெளிய வாரதுக்குள்ள எங்களுக்கு ஷிப்டு வந்துருதுங்க.”

அவர்களே

இதுதான் பெரிய திருட்டு. பேச எழுந்த ஒவ்வொருவரும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே என்று மேடையில் தொடங்கிக் கடைசி பெஞ்சுவரை பெயர் சொல்லி முடிப்பார். பேசும் விஷயம் இரண்டு வரிதான் இருக்கும். பட்டியலில் எப்போதும் கடைசிப் பெயர் செங்கோடன். பெஞ்சு தூக்குவது, கொடி கட்டுவது, போஸ்டர் ஒட்டுவது எல்லாம் அவர்தான். நாற்பது வயது ஆள். தறி ஷெட்டில் முதலாளி மகன்கூட அவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவான்.

‘இனி யாரும் யாரையும் விளிக்க வேண்டாம், நேராக விஷயத்துக்கு வாருங்கள்’ என்று தீர்மானம் கொண்டுவந்தேன். அதில் மிச்சமான நேரம் கொஞ்சநஞ்சமல்ல. சில வாரம் கழித்துச் செங்கோடன் வருவது நின்றது. பெஞ்சுகளை நானே தூக்கிப் போட்டேன். ஒருநாள் சந்தையில் மறித்துக் காரணம் கேட்டேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அப்புறம், “எம்பேரு வந்தா எந்திரிச்சு நின்னு ஒரு கும்புடு போடுவேனுங்க தலைவரே. இப்ப எப்ப எந்திரிக்கறதுன்னே தெரியலீங்க” என்றார்.

சரியாக ஆறு மணிக்கு

எண்பதுகளில் எங்கள் கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்கி ஆறேகாலுக்கு முடிந்தது. அப்புறம் ஆறே பத்துக்கு. பழனியப்பன் மகனோடு எடப்பாடிக்குக் குடிபோனார். மற்றவர்கள், ‘நீங்க தீர்மானம் போட்டாச் சரிதானுங்க’ என்று எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போட்டார்கள், வரத்தான் இல்லை. மிச்சம் பிடித்த முக்கால் மணி நேரத்தை என்ன செய்வது என்று எந்தப் பிரசுரத்திலும் இல்லை. பெஞ்சுகளைத் துடைப்பேன். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, ஜெயில் கதையை மனசுக்குள் ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பார்ப்பேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை, கட்டடத்துக்குச் சொந்தக்கார அம்மா வாசலில் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங்க, கூட்டம் முடிஞ்சுதுங்களா, இல்ல இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களா?”

ரிக் லாரி

செங்கோடன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் வட மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று அதே வாரம் காதில் விழுந்தது. போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். திரும்பி வந்தவர்கள் யாரும் மறுபடி தறிக்கு வந்ததும் இல்லை. நான் கிளம்பிப் போனேன்.

சங்ககிரி ரோட்டில் லாரி நின்றது. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்தியிருந்தார்கள். செங்கோடன் பைப்புகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து இறங்கப் போனவரைக் கையமர்த்தினேன். இதற்காக நான் எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. டிரைவர் பக்கத்துப் படியில் ஏறி நின்று, தொண்டையைச் செருமினேன்.

“லாரி முதலாளி அவர்களே, டிரைவர் அவர்களே, பூசை போடும் பூசாரி அவர்களே, பழம் கொண்டுவந்த அக்கா அவர்களே, வழியனுப்ப வந்திருக்கும் குடும்பத்தார் அவர்களே...” ஒருவரையும் விடவில்லை. முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு அடங்கியது. டிரைவர் ஸ்டீயரிங்கைத் தட்டி, “சீக்கிரமுங்க தலைவரே, இந்நேரம் வண்டி சேலம் தாண்டியிருக்கும்” என்று இன்ஜினைக் கிளப்பினார். கடைசிப் பெயரை அந்த இரைச்சலிலேதான் சொன்னேன்.

செங்கோடன் எழுந்து நின்றுவிட்டார். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் மறு கையை வைத்துக் கத்தினார்: “மோட்டாரு சத்தத்துல காதுல உழுகலீங்க தலைவரே, இன்னொருக்காச் சொல்லுங்க!”

கூட்டங்களில் நேரத்தை வீணாக்கும் பழக்கங்களை ஒன்றுவிடாமல் ஒழித்துக்கட்டிய நான், டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருக்க, நடு ரோட்டில் அத்தனை பேர் சாட்சியாக இரண்டாம் முறையும் சொன்னேன்: “எங்கள் அன்புக்குரிய செங்கோடன் அவர்களே!”