தெரியாது என்று சொல்லத் தெரியாத புரோகிராம்

புரோகிராம் எழுதும் வேலையில் பாதி, யாரிடம் பதில் இருக்கிறது என்று தேடுவது. மீதிப் பாதி, கிடைத்த பதிலை நம்பிவிட்டு வருந்துவது. கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் சகபாடிகளே, உங்களுக்குத் தெரியாததா?

மேலே கேளு

போன வருஷம், எனக்குப் பதினெட்டு வயசு. ராமநாதபுரத்தில் நான் சேர்ந்த ஆபீசில், மீனவர் சங்கத்துக்காக ஒரு புரோகிராம்: புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகுக்காரர் செல்போனுக்கும் எஸ்.எம்.எஸ். போகணும். சங்கச் செயலாளர் விளக்கம் கேட்டார். குரல் மாற்றி நடித்தே காட்டினேன். "எச்சரி" என்று செய்தி போனால், வல்லம் என்கிற நாட்டுப் படகு தன் கிளாஸில், அதாவது தனக்குத் தெரிந்த வேலைகளின் பட்டியலில், தேடும். இல்லையென்றால், "எங்கய்யாவைக் கேளு." அதற்கு அப்பன் முறையில் மேலே உள்ள படகு கிளாஸ் கட்டைக் குரலில், "எங்கய்யாவைக் கேளு." உச்சியிலும் இல்லையென்றால் புரோகிராம் நின்றுவிடும்.

செயலாளர் குலுங்கிச் சிரித்தார். "எங்க சங்கத்துலயும் இதே கதைதான் தம்பி, கடைசியில எந்தலையில வந்து விடியும்!"

செயலாளர் குரல்

சோதனையில் புரோகிராம் அடிக்கடி நின்றுபோனது. எந்தக் கிளாஸுக்கும் செய்யத் தெரியாத செய்தியைச் செயலாளர் செல்போனுக்குத் தள்ளிவிட, உச்சிக் கிளாஸில் ஒரு மெத்தட், அதாவது ஒரு வேலைக் குறிப்பு, எழுதச் சொன்னார்கள் ஆபீசில். தள்ளுவதை நாளைக்கு எழுதலாமென்று, இப்போதைக்கு அவர் குரலிலேயே திரையில் ஒரு பதில் வைத்தேன்: "சரிங்கய்யா, செஞ்சிருவோம்." அப்புறம் அது நிற்கவே இல்லை. ஆபீசே சிரித்தது, பக்கத்து நாற்காலி செல்வி அக்காவைத் தவிர.

"ஏலே, சிரிப்பு இருக்கட்டும். அந்தச் செய்தி யாருக்குடா போகுது?"

எல்லாம் சரி

நாளை வரவே இல்லை. விசைப்படகு கிளாஸில் "எச்சரி" எழுதியிருந்தேன்; வல்லத்துக்கு எழுத மறந்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் நிஜ எச்சரிக்கை வந்தது. செயலாளர் பட்டனை அழுத்தினார். விசைப்படகுகளுக்கு நேரே "அனுப்பியாச்சு". வல்லங்களுக்கு நேரே, வரிசையாக, "சரிங்கய்யா, செஞ்சிருவோம்".

மறுநாள் எங்களிடம் பெருமையாகச் சொன்னார்: "விசைப்படகுக்காரன் ஒருத்தன்கூட பதில் போடல. வல்லத்துக்காரங்களப் பாரு, எல்லாரும் பதில் போட்டிருக்காங்க, எம்புட்டு மரியாதை!"

திருப்பாலைக்குடி

செயலாளர் அதைச் சொன்ன நேரத்தில், இந்தக் கடலோர ஊர் மீனவர் முனியாண்டி அண்ணனின் வல்லம் புயலில் கவிழ்ந்திருந்தது. அவரை இன்னொரு வல்லம் தூக்கி வந்தது. கூடப் போன அவர் தம்பி கணேசன் கிடைக்கவில்லை.

நானும் செல்வி அக்காவும் நாலாம் நாள் முனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் செல்போனை நீட்டினார். "எல்லாருக்கும் அனுப்பியாச்சுன்னு சங்கத்துல சொல்றாக. எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி, கணேசந்தான் படிச்சுச் சொல்லுவான். இதுல எங்கன கெடக்குன்னு பாரு. நாந்தான் அவங்கிட்டக் காட்டாம விட்டுட்டேன் போல."

தேடுவதுபோல் கொஞ்ச நேரம் பட்டனை அழுத்தினேன். பிறகு சொன்னேன்: "வரவே இல்லண்ணே. அனுப்பாதது நான்தான்."

அடிப்பார் என்று நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அப்ப, நான் காட்டாம விடலையே தம்பி?"

இப்போதெல்லாம் என் புரோகிராம்கள் விடை தெரியாத இடத்தில் பட்டென்று நின்றுவிடுகின்றன. எனக்குத் திறமை போதாது என்கிறார் முதலாளி, நானும் மறுப்பதில்லை.