மேலிருந்து தெரிந்த ஓடை

முந்தலுக்குப் பக்கத்தில், கடல்நீர் வந்துபோகும் களப்போரமாக எங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. முன்பு அது இறால் பண்ணை. நோய் வந்து பண்ணையை மூடிய ஒருவரிடமிருந்து என் கணவர் அதை வாங்கினார். தென்னை வைக்கலாம் என்பது அவர் எண்ணம். ஒரு கன்றும் தேறவில்லை. வெயில் காலத்தில் இறால் குளங்களின் அடியில் உப்புப் பூத்து, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அடுத்த மழைக்கு உப்புநீரில் வளரும் கண்டல் மரம் வைத்துப் பார்த்தார். களப்போரத்தில் பொறுக்கிய முளைகளை முழங்கால் சேற்றில் நின்று நட்டார். அவையும் கருகிப்போயின. அதன்பின் காணிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அவர் மனம் தெரிந்ததால் நானும் கேட்கவில்லை.

பல்கலைக்கழக விடுமுறைக்கு மகள் வந்திருந்தாள். அவள் படிப்பது புவியியல். ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் வண்டி எடுத்த படங்களைத் தன் கணினியில் காட்டினாள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது எங்கட காணி மாதிரித்தானே இரிக்கி" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை.

"ஓம் வாப்பா. இங்கயும் ஒரு காலம் தண்ணி ஓடியிரிக்கி. மேல சுத்துற விண்கலம் எடுத்த படத்துல அந்தத் தடத்தக் கண்டுதான் வண்டிய அங்க இறக்கினாங்க."

"அப்ப எங்கட காணிய மேலருந்து பார்க்க ஏலாதா?"

அவள் உடனே செய்மதிப் படங்களைத் திறந்தாள். இவர் முதலில் தேடியது எங்கள் வீட்டுக் கூரையை. நான் காயப்போட்ட உடுப்புத் தெரிகிறதா என்றுகூடக் கேட்டார். பிறகு மகள் வருடங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். குளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் மங்கலான ஒரு படத்தில் களப்பைச் சுற்றி அடர்ந்த கரும்பச்சை. அதற்குள் வளைந்து வளைந்து ஒரு மெல்லிய கோடு, களப்பிலிருந்து எங்கள் காணியின் நடுவரை.

நாங்கள் இருவரும் சின்ன வயதில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். முந்தலுக்குக் குடிவந்தபோது இங்கே பண்ணைகள்தான் இருந்தன. அதற்கு முன்னால் இருந்த கண்டல் காட்டை அன்றைக்குத்தான் பார்த்தோம். விண்வெளிக்கு ஏன் இவ்வளவு பாடுபட்டுப் போகிறார்கள் என்று பலமுறை நான் அலுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நானே கணினிக்குக் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தேன்.

"இது ஓடை வாப்பா" என்றாள் மகள். "இதுலதான் களப்புத் தண்ணி உள்ள வந்து போயிரிக்கி. பண்ணைக்குக் கட்டின அணை மறிச்சிட்டு. அதான் நீங்க வெச்ச முளை நிக்கல்ல."

மறுநாள் காலையில் எங்களுக்கு முன்னால் இவர் வாசலில் நின்றார். காணிக்குப் போய், படத்தைப் பார்த்துப் பார்த்து மகள் அணையில் ஓர் இடத்தைக் காட்டினாள். "சரியாத் தெரியுமா மகள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வைத்திருந்த ஒரு சிநேகிதரை அழைத்து அந்த இடத்தை வெட்டினார். தண்ணீர் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. அணைமேல் குந்தியிருந்தவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மாரி மழையில் களப்பு உயர்ந்தது. மகள் அப்போது திரும்பிப் போயிருந்தாள். ஒரு காலையில் காணியிலிருந்து இவர் போன் எடுத்தார். "சுணங்காம வாங்க" என்று மட்டும் சொன்னார். போய்ப் பார்த்தேன். யாரும் தோண்டாமலே, படத்தில் கண்ட அதே வளைவில் தண்ணீர் காணிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் நடுவே அவர் நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி வெளியிடத்தில் பிடிக்கிறவர் இல்லை.

கண்டல் முளைகள் அந்தத் தண்ணீரிலேயே மிதந்து வந்து சேற்றில் குத்தி நின்றன. ஒரு பக்கத்தை ஆடு தின்றுவிட்டது. பழைய வலையைக் கட்டி மறித்தோம். ஒரு குளம் இன்னும் உப்பாகத்தான் கிடக்கிறது. மற்றவற்றில் கன்றுகள் என் இடுப்புயரம் வந்துவிட்டன. நண்டு வளை எங்கு பார்த்தாலும்.

மகள் போனில் பேசும்போதெல்லாம் இவருக்கு ஒரே கேள்வி: "மேலருந்து பச்சை தெரியுதா?"

"இன்னும் இல்ல வாப்பா. அடிக்கடி வாற புதுப் படம் மங்கல், அதுல ஒரு புள்ளியே எங்கட வீட்ட விடப் பெரிசு. மரம் நல்லாப் பரவினாத்தான் தெரியும்."

"சரி மகள். அதுவரைக்கும் நாங்க கிட்டருந்து பார்த்துக்கிறோம்."

போனை என்னிடம் தந்துவிட்டு, ஆடு வந்திருக்குமோ என்று காணிப் பக்கம் புறப்பட்டார்.