கொடியும் உடம்புதான்

என் அக்காவின் கணவர் பல்செட் செய்கிறவர். தெருவில் அவர் பல்செட்காரர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளுக்கு மட்டும் வக்கீல். கட்டைவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளுக்கு வண்ணம் பூசி, மேஜைமேல் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் கூட்டம் அது. விதிப் புத்தகத்தில் ஒரு வரி வழவழா கொழகொழாவென்று இருந்தால் போதும், மாமாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அந்த மேஜை எங்கள் சாப்பாட்டு மேஜை. அதில் இரண்டு பட்டாளங்கள் குடியேறி வருஷக்கணக்காகிறது. எனக்கும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. தட்டை மடியில் வைத்துத் தின்று தின்று, கறை படாத பேண்ட் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

மாமாவின் பேர்போன தீர்ப்பு, கூட்டாளிகளில் ஒருவரான ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எதிரானது. சுடுகிறவன் கண்ணுக்கு எதிரி தெரிந்தால் சுடலாம் என்கிறது புத்தகம். எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை. கடைக்காரரின் தளபதி பொம்மைச் சுவருக்குப் பின்னால் பத்திரமாகத்தான் நின்றான். தொப்பியின் இறகு மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அந்தக் குட்டிக் கண்ணாடி ஒன்று மாமாவிடம் உண்டு. அதைச் சிப்பாயின் முகத்தருகே பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, இறகும் உடம்புதான் என்றார். தளபதி செத்தால் ஆட்டம் முடிந்தது. கடைக்காரர் ஒரு மாதம் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அக்காவுக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிறவர்களை எந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பலாம் என்று பார்ப்பதுதான் அந்த வேலை. அவளிடம் போய் ஒருநாள், இந்த விதியெல்லாம் உனக்குப் புரியாது என்று சொல்லித் தொலைத்தார் மாமா. நுணலும் தன் வாயால் கெடும்.

"அப்ப ஆடிப் பாத்துடலாம். நான் ஜெயிச்சா மேஜை எனக்கு," என்றாள் அக்கா.

மாமா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், என் மடிக்கு விடுதலை வரப்போகிறதே. அந்த வாரம் முழுக்க அக்கா பஸ்ஸில் விதிப் புத்தகமும் கையுமாகவே போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு ஜெராக்ஸ்காரர் வந்து உட்கார்ந்தார். மாமா கழித்துப் போட்ட, கை கால் ஒட்டவைத்த சிப்பாய்கள்தான் அக்காவின் படை. மாமாவிடமோ புதுத் தளபதி. அவன் கையில், பல்செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறப் பசையில் வார்த்த ஒரு கொடி, ஆளைவிடப் பெரிதாக. மாமா தளபதியைச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் படையில் பாதி காலி. நான் மனதைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அப்போது அக்கா கையை நீட்டி அந்தக் கண்ணாடியைக் கேட்டாள். குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, சுவருக்கு மேல ரோஸ் கலர்ல ஏதோ தெரியுதே."

மாமா வாதத்தைப் பிடித்துக்கொண்டார். இறகு தலையோடு ஒட்டியது, கொடி கையில் எடுத்தது, இரண்டும் ஒன்றாகுமா என்று நீட்டி முழக்கினார். ஜெராக்ஸ்காரர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"இறகு உடம்புன்னா கொடி மட்டும் என்ன, வாடகைக்கு வந்ததா?" என்றாள் அக்கா.

மாமா நினைத்திருந்தால் சாயங்காலம் வரை வாதாடியிருப்பார். ஆனால் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தான் சொன்ன தீர்ப்பைத் தானே கொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது.

"தெரியுது. சுடு," என்றார்.

பகடை உருண்டது. தளபதி கொடியோடு சாய்ந்தான். மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் புதுப் பேண்ட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன். மேஜை நிறைய சிப்பாய்கள். அக்கா மூக்கில் பெயிண்ட்டோடு ஒருவனுக்குச் சட்டை தீட்டிக்கொண்டிருந்தாள். மேஜை சாப்பிடத்தானே என்று கேட்டேன்.

"ஜெயிச்சா மேஜை எனக்குன்னுதான் பேச்சு. சாப்பிடன்னு யாருடா சொன்னா?"

மாமாவாவது எனக்காகப் பேசுவார் என்று திரும்பினேன். அவர் தட்டோடு தரையில் உட்கார்ந்து, கல்யாணத்தன்று கூட நான் பார்க்காத சந்தோஷத்தோடு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சொல்றது சரிதான் மச்சான். உக்காரு," என்று பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.