ஆயுத பூஜையில் தேய்ந்த கத்தி

இன்று சேக்காட்டில் வெல்டர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய பட்டாளக் கத்திகளைச் சேர்ப்பவன் என்பதால், தன் அப்பாவின் கத்தி அசலா போலியா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"எங்க நைனா பர்மா சண்டையில வச்சிருந்தது சார்."

அசல் என்றால் பிடியருகே முத்திரை இருக்கும். இதில் அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது. கேட்டேன்.

"வருசா வருசம் ஆயுத பூஜைக்குப் புளி, செங்கல் பொடி போட்டுத் தேய்ப்போம் சார். நைனாவோடதாச்சே!"

"இனிமேல் யாராலும் சொல்ல முடியாதுங்க. அவர் சண்டைக்குப் போனதுக்கு வேறு அத்தாட்சி?"

"இத்த வுட்டா ஒண்ணும் இல்ல சார். அப்போ நைனா போவவே இல்லியா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். நான் ஏமாந்து வாங்கிய போலிகளில் எல்லாம் முத்திரை பிரமாதமாக இருக்கிறது. அவருக்கு என்ன சொல்லலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.