எஃப் எட்டில் ஒன்றுமில்லை

கீபோர்டில் அவளுக்குத் தெரியாத பொத்தானே கிடையாது. எதைத் தொட்டுக் காட்டி, இது ஏன் இந்த வேலையைச் செய்கிறது என்று கேட்டாலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்கூட, கண்ணைத் திறக்காமலே காரணம் சொல்லிவிடுவாள். நூறு தேசத்து விரல்கள் அவள் கைகாட்டிய இடத்தில் போய் உட்கார்ந்து எழுந்தன. சரி, இதில் பாதி அளப்புதான். நூறு தேசமெல்லாம் இல்லை. அவள் வேலை பார்த்த கம்பெனியின் எடிட்டரை, கம்ப்யூட்டரில் எழுதித் திருத்துகிற மென்பொருளை, சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் பேர் வாங்கியிருந்தார்கள், தூரதேசத்தில் எப்படியோ வழிதவறி வந்து சிக்கியவர்கள் சிலர். தூக்கத்தில் எழுப்பினால் காரணம் சொல்லமாட்டாள், கைக்குக் கிடைத்ததை எடுத்து எறிவாள். ஆனால் காரணம் தெரியும் என்பது மட்டும் நிஜம். ஒரே ஒரு பொத்தானைத் தவிர.

கம்பெனி இருந்தது ஒரு மெத்தைக் கடையின் மாடியில். கீழே வாடிக்கையாளர்கள் மெத்தையைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் நாளெல்லாம் மேலே கேட்கும். அந்தத் தாளத்துக்கு நடுவே உட்கார்ந்து, எழுதுகிறவர்களுக்கும் திருத்துகிறவர்களுக்குமான எடிட்டரை நாலைந்து பேர் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு கட்டளை பிறந்தால், அதற்கு எந்தப் பொத்தான் என்று முடிவு செய்வது அவள் பாடு. அதனால் ஆபீசில் அவளுக்குக் 'குறுக்குவழி' என்றே பெயர். குறுக்குவழியைக் கண்டுபிடிக்க இவ்வளவு சுற்றுகிற ஆளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று முதலாளி அடிக்கடி சொல்வார். அவர் சொன்னதில் அளப்பு இல்லை.

அவளோ அதற்கெல்லாம் அசையமாட்டாள். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் விரலைப் பார்ப்பாள். டிக்கெட் கவுன்டரில் சில்லறையை மறந்துவிட்டு, உள்ளே இருப்பவரின் சுண்டுவிரல் எங்கே ஓய்வெடுக்கிறது என்று எட்டிப் பார்த்துத் திட்டு வாங்குவாள். கணவனை முதலில் சந்தித்தபோதும் அப்படித்தான். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்; கற்றுக்கொள்ளப் போனவள் கியர் கம்பியில் இருந்த அவர் கையைப் பார்த்தபடியே இருந்தாள். கல்யாணம் நடந்துவிட்டது. வண்டி ஓட்ட மட்டும் இன்றுவரை வரவில்லை.

அந்த முறை புதுக் கட்டளைகள் சில வந்திருந்தன. ஒரு வரியை அப்படியே படியெடுப்பது, பிரிந்து கிடக்கும் வரிகளைச் சேர்ப்பது, இவற்றுக்கெல்லாம் சுலபமாக இடம் கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது: நிற்கிற வரியை அதற்கு மேலே உள்ள வரியோடு இடம் மாற்றும் கட்டளை. எழுத்துப் பொத்தான்கள் எல்லாம் அலுவலக நேரத்துப் பஸ்போல நிரம்பி வழிந்தன. ஒருவரை எழுப்பினால்தான் இன்னொருவர் உட்காரலாம். அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் எதையும் வைக்கக்கூடாது, கை தவறினால் எழுதினது போச்சு. எடிட்டருக்கு நிரல் எழுதும் தம்பி மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தலாம் என்று யோசனை சொன்னான். அவள் அதைத் தன் விரல்களால் செய்து பார்த்தாள். இதற்குப் பேர் ஷார்ட்கட் இல்லை, சர்க்கஸ் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கடைசியில் மேல்வரிசையில் எஃப் எட்டு கண்ணில் பட்டது. சுற்றிலும் வீடு எழும்பிய தெருவில் ஒரு காலி மனைபோல, எடிட்டர் பிறந்த நாளிலிருந்து எந்த வேலையும் இல்லாமல் கிடந்தது. எடிட்டரை முதன்முதலில் எழுதியவருடைய கீபோர்டில் எஃப் எட்டு உடைந்து போயிருந்ததாம், அதனால் அவர் அதில் எதையுமே வைக்கவில்லையாம். இது ஆபீஸ் வதந்தி. எந்தப் பொத்தானால் எந்தக் கட்டளை நடந்தது என்று எடிட்டர் குறித்துவைக்க, வாடிக்கையாளர்கள் சம்மதித்து அனுப்பும் அறிக்கைகளை எல்லாம் புரட்டிப் பார்த்தாள். எஃப் எட்டை யாரும் தொட்டதாக ஒரு தடயமும் இல்லை. காலி மனையை இடம் மாற்றும் கட்டளையின் பேரில் பட்டா எழுதிவிட்டு, நிம்மதியாகத் தேநீர் குடித்தாள்.

அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா, ஒரு வீட்டுச் சாமான் கம்பெனியில் கையேடு எழுதுகிறவள். பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காமல் வீசிவிட்டு அப்புறம் குப்பையில் தேடும் தாள், அதை எழுதுவது. அந்த அம்மாளுக்கு ஒரு வைராக்கியம் உண்டு: தன் கையால் செய்து பார்க்காத படியை எழுதமாட்டாள். மேஜைமேல் ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் அந்த இயந்திரம். எழுதி முடித்ததும், உலகத்தில் இயந்திரத்தையே பார்த்திராதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, தான் எழுதியதைப் படித்துப் படித்து முதலிலிருந்து செய்வாள். அப்புறம் இடதுகையாலும் ஒருமுறை. வாங்குகிறவர் எந்தக் கைக்காரரோ, யார் கண்டது. தம்பி பெண்டாட்டி வேலை பார்க்கிற எடிட்டர் என்பதால் அதைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். புதுப் பதிப்பு வந்த அன்றே போட்டுக்கொள்வாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பழச்சாறு இயந்திரத்தின் கையேட்டில், பொத்தானை அழுத்தவும் என்பது முன்னாலும் மூடியைப் பூட்டவும் என்பது பின்னாலும் அச்சாகிவிட்டது. சொன்னபடி கேட்கும் ஒரு வாடிக்கையாளர், சொன்னபடியே செய்துவிட்டுத் தன் கூரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அடுத்தது தண்ணீர் வடிகட்டி. குழாயைத் திறந்த பிறகு வடிகட்டியைப் பொருத்தச் சொல்லியது கையேடு. அந்த வீட்டுக்காரரின் செருப்பு அடுத்த தெருவுக்கு மிதந்து போய்விட்டதாகப் பேச்சு. உண்மையில் அது வாசற்படியிலேயே தட்டி நின்றுவிட்டது. விசேஷம் என்னவென்றால், பார்த்தால் பிழையே தெரியாது. படிகளுக்கு எடிட்டரே வரிசை எண் போட்டுக்கொள்ளும். வரி இடம் மாறினால் எண்ணும் சமர்த்தாக மாறிக்கொள்ளும்.

மேலாளர் மரியாதை தெரிந்தவர். கண்ணை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாமே என்றுதான் முதலில் சொன்னார். இரண்டாவது முறை, நீராவியில் தரை துடைக்கும் புது இயந்திரத்தின் கையேட்டைக் கொடுத்துவிட்டு, இதிலும் படி மாறினால் புகார் கேட்கும் பிரிவுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார். சம்பளம் அதேதான். ஆனால் அங்கே இருப்பது ஒரு நாற்காலியும் போனும். தொட்டுப் பார்க்க ஒரு திருகாணிகூட இருக்காது. நாத்தனாருக்கு அது கையைக் கட்டிப்போட்ட மாதிரி.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

"ஏம்மா, உன் எடிட்டர்ல பேய் கீய் இருக்கா?"

"பேய்க்குச் சம்பளம் குடுக்க எங்க முதலாளிகிட்ட காசு இல்லக்கா. என்ன ஆச்சு?"

நாத்தனார் முழுக்கதையும் சொன்னாள். சரியாகத்தான் எழுதினேன், செய்தும் பார்த்தேன், சேமித்து வைத்த பிறகு யாரோ வரியை மாற்றிவிடுகிறார்கள் என்றாள். எடிட்டர் தானாக எதையும் மாற்றாது என்று இவள் பொறுமையாக விளக்கினாள். விளக்கிய விதத்தில், அப்படியானால் நீங்கள்தான் மாற்றியிருப்பீர்கள் என்பதும் சேர்ந்து போய்விட்டது.  அப்புறம், "எனக்கும் வயசாகுதுன்னு நினைக்கிற. சொல்லிடு, பரவால்ல" என்று குரல் வந்தது. இவள் இல்லை இல்லை என்று மழுப்பினாள். நினைத்தது அதைத்தான்.

அந்த வாரக் கடைசியில் கணவனும் அவளும் வாடகைக் காரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். கணவர் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். அவள் பின்னால் குறுக்கே சாய்ந்து உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் டிரைவரின் கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் ஒரு லாரி சட்டென்று நின்றது. டிரைவர் பிரேக்கைப் போட்டார். அதே நொடியில் கணவரின் வலதுகாலும் வெறும் தரையை ஓங்கி மிதித்தது.

அவர் பாடம் நடத்தும் காரில் அந்த இடத்தில் அவருக்கென்று ஒரு பிரேக் உண்டு. இங்கே மிதியடி விரிப்பைத் தவிர ஒன்றுமில்லை.

"ஏங்க, இப்ப காலால என்ன பண்ணுனீங்க?"

"நான் என்ன பண்ணேன்? சும்மாதானே உக்காந்திருக்கேன்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வீட்டிலிருந்து கிளம்பியது முதல் ஐயாதான் பாதி வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறார் என்றார். கணவர் நம்பவில்லை. பொய்யும் சொல்லவில்லை, காலுக்குத் தெரிந்த விஷயம் அவர் காதுவரை போகவே இல்லை.

அவள் பின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்றும் இல்லாத இடத்தை மிதித்தால் ஒன்றும் நடக்காது. நடக்காததை எந்த அறிக்கையும் எழுதிவைக்காது. அதே இடத்தில் ஒருநாள் யாராவது நிஜமாகவே ஒரு பிரேக்கை வைத்துவிட்டால்? கல்யாண வீட்டில் யார் என்ன கேட்டாலும் அவள் உம் கொட்டினாள்.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு நாத்தனாரின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்தேன் என்றாள். நாத்தனார் தட்டச்சுப் பரீட்சைக்கு வந்த பெண்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, தேவையில்லாத பொத்தான் எதையும் தொடாமல் படுநேர்த்தியாக வேலை செய்தாள். காலை முழுக்கப் போனது. ஆள் பார்க்கிறது என்று தெரிந்தால் விரல்களும் வேஷம் கட்டும் என்பது குறுக்குவழிக்குத் தெரியாதா என்ன. ஒரு பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள்.

மத்தியானம் நாத்தனார் தன் இடதுகைச் சுற்றுக்கு வந்தாள். ஒவ்வொரு படியாகப் படிப்பாள், இயந்திரத்தில் செய்வாள், அடுத்ததற்குப் போவாள். 'அழுத்தம் இறங்கும்வரை காத்திருக்கவும்.' காத்திருந்தாள். 'மூடியைக் கீழே அழுத்தி இடப்பக்கமாகத் திருகவும்.' முதல் சுற்றில் வலதுகையால் திறந்திருந்தது. இடதுகையால் வரவில்லை. மறுபடி முயன்றாள். தண்ணீர்த் தொட்டியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கட்டைவிரலை விளிம்புக்கு அடியில் கொடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் ஒருத்தி இருப்பதே மறந்துபோயிற்று. மூடி டப்பென்று திறந்தது. 'விளிம்பைப் பிடித்து' என்று அந்தப் படியில் சேர்த்தாள். உதடு ஓரமாக ஒரு சின்னச் சிரிப்பு. மோதிரவிரல் கீபோர்டின் மேல்வரிசைக்குப் போய், பல்லி உத்தரத்தைத் தொட்டுவிட்டு ஓடுவதுபோல ஒரே தட்டு தட்டிவிட்டுத் திரும்பியது. கண் அதற்குள் அடுத்த படியில் வரும் குழாய்க்குப் போயிருந்தது.

திரையில் அந்த வரி சத்தமில்லாமல் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தது. முதலில் மூடியைத் திற. அப்புறம் அழுத்தம் இறங்கும்வரை காத்திரு. எண்கள் ஒன்றும் தெரியாததுபோல ஒழுங்காக நின்றன.

குறுக்குவழி பத்திரிகையைக் கீழே போட்டாள். கொதிக்கும் நீராவி அது.

"அக்கா, இப்ப எதையோ அழுத்துனீங்களே."

"நானா? ஒண்ணும் அழுத்தலையே."

"எஃப் எட்டு."

நாத்தனார் தன் மோதிரவிரலை, அது அடுத்த வீட்டுக்காரருடையது என்பதுபோல ஒருமுறை பார்த்தாள். "ஓ, அதுவா. அதுதான் ஒண்ணும் செய்யாதே. இத்தனை வருஷமா தட்டுறேன், ஒரு தொந்தரவு உண்டா? நல்ல பொத்தானாச்சே அது."

"போன பதிப்பு வரைக்கும் நல்ல பொத்தான்தான்க்கா. அதுக்கு வேலை போட்டுக் குடுத்து நான்தான் கெடுத்துட்டேன்."

திரையைக் காட்டினாள். நாத்தனார் அந்த இரண்டு வரிகளையும் படித்தாள், மறுபடியும் படித்தாள். கையிலிருந்த மூடியை மெல்லக் கீழே வைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று இவள் காத்திருந்தாள். வந்தது கோபமில்லை. "அப்ப என் தலை சரியாத்தான் இருக்கா?" என்று கேட்டாள். கேட்ட தொனியில், இத்தனை வாரம் அந்த அம்மாள் தூங்கியிருக்கமாட்டாள் என்று தெரிந்தது.

மறுநாள் ஆபீசில், எஃப் எட்டைக் காலி செய்யவேண்டும் என்று அவள் சொன்னபோது நிரல் எழுதும் தம்பி தலையில் கைவைத்தான். வேறு யார் யார் விரல் அதற்குள் பழகிவிட்டதோ என்று முதலாளி முணுமுணுத்தார். பழகினவர்களுக்கு வேறு இடம் தரலாம், ஒன்றும் செய்யாத பொத்தானுக்கு மாற்றுப் பொத்தான் எங்கே போய்த் தேடுவது என்று அவள் கேட்டாள். இடம் மாற்றும் கட்டளை கடைசியில் சர்க்கஸுக்கே போயிற்று. வரியை வேண்டுமென்று இடம் மாற்றுகிறவர் மூன்று விரலை மடக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

திருத்திய பதிப்பை எடுத்துக்கொண்டு அவளே நாத்தனாரின் மேலாளரைப் பார்க்கப் போனாள். நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழைய பதிப்பில் எஃப் எட்டைத் தட்டிக் காட்டினாள், வரி ஏறியது. புதியதில் தட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. மேலாளரும் ஆசைக்கு ஒருமுறை தட்டிப் பார்த்தார். பழச்சாற்றையும் வடிகட்டியையும் அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கண் பரிசோதனை பற்றிச் சொன்னதற்குத் தொண்டையைக் கனைத்தபடி வருத்தம் சொன்னார். நீராவி இயந்திரம் அம்மாவிடமே இருக்கட்டும், அடுத்து வருகிற துணி உலர்த்தியும் அவங்களுக்குத்தான் என்றார்.

நாத்தனார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

எழுந்து போகும்போது மேலாளருக்கு ஒரு சந்தேகம். இனிமேல் இந்தப் பொத்தான் எதற்குத்தான் என்று கேட்டார்.

குறுக்குவழி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல நிமிர்ந்தாள். எந்தப் பொத்தானுக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவள் அல்லவா.

"இது அக்கா யோசிக்கிறதுக்கான பொத்தான் சார். இனிமே இதுல யாரும் எதையும் வைக்கமாட்டாங்க."

"யோசிக்கிறதுக்கு இல்லம்மா," என்றாள் நாத்தனார். "யோசிச்சு முடிச்சதுக்கு."