கோடு விழாத கை

சிராங்கூன் சாலையில் எங்கள் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை. பின்கட்டில் செக்கு. ஒரு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் போதும், எள் பழசா புதுசா, நேற்று ஆட்டியதா போன வாரம் ஆட்டியதா என்று அப்பா சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மூக்கு அவருக்கு. ஏழு வயதில் எனக்கு இது தெரியும்; தெரிந்து என்ன பயன், யோசிக்க வேண்டாமா?

சித்தப்பா கடலில் குளிக்கப் போய்த் திரும்பாமல் போனதும், அப்பாவுக்கு மூத்தவளான எங்கள் அத்தை அவரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். 'என் பிள்ளைகளைத் தெரிந்தே கடலுக்கு அனுப்ப மாட்டேன்' என்று கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார் அப்பா. அத்தை எங்களோடுதான் இருந்தாள். சத்தியத்துக்குக் காவலும் அவள்தான்.

அண்ணனுக்கோ கல்லூரி நீச்சல் அணியில் சேர வேண்டும். பித்து என்றால் அப்படியொரு பித்து. சோற்றுக்கு முன்னால்கூட மூச்சடக்கிப் பழகுவான். முதலைக்கும் சுறாவுக்கும் பயந்து, கரையோரக் கடலில் கம்பு நட்டு வேலி அடைத்திருப்பார்கள். மலாய்க்காரர்கள் அதைப் பாகார் என்பார்கள். வகுப்பு முடிந்ததும் நேரே அங்கே போய் நீந்திவிட்டுத்தான் வருவான்.

அப்பா சாயங்காலம் கடையிலிருந்து உள்ளே வந்ததும் முதல் வேலையாக, அத்தை பார்க்க, அண்ணனின் கையைப் பிடித்து நகத்தால் ஒரு கீறு கீறுவார். கடலில் குளித்த தோல் என்றால் வெள்ளைக் கோடு விழும். அதற்கும் அண்ணன் ஒரு வழி வைத்திருந்தான். பின்சந்தில் நான் சின்ன சீசாவில் நல்லெண்ணெயோடு காத்திருப்பேன். அதைத் தடவிக்கொண்டு வந்தால் கோடு விழாது. அப்பா கீறுவார், பிறகும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருப்பார். "சரி, போய்ப் படி," என்பார். அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

அணிக்கு ஆள் எடுத்த அன்று, அழுது அடம்பிடித்து நானும் கூடப் போனேன். அண்ணன் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்து வேலியைத் தொட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவாடையோடு மார்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குதித்தேன். வாத்தியார் அண்ணனிடம் ஒரு காகிதம் கொடுத்து, அப்பாவின் கையெழுத்தோடு வந்தால் நீ அணியில் சேர்ந்த மாதிரிதான் என்றார்.

வீடு வருவதற்குள் என் பாவாடை காய்ந்துவிட்டது. சந்தில் அண்ணன் எண்ணெய் தடவிக்கொண்டான். என் கையைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைப்பே வரவில்லை.

அன்றும் அப்பா கீறினார். கோடு விழவில்லை. அண்ணன் காகிதத்தை நீட்டினான். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கல்லூரிக் காகிதம் எதுவானாலும் இது என்ன என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அன்று கேட்கவில்லை. பேனாவை மையில் நனைத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்கும் கீறுங்கப்பா என்று கையை நீட்டினேன்.

"உனக்கு வேணாம் பாப்பா. உள்ள போ."

அவர் மாட்டேன் என்றால் என்ன, எனக்கு நகமில்லையா? நானே கீறிக்கொண்டு அத்தையிடம் காட்டினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுண்ணாம்பால் போட்டதுபோல வெள்ளைக் கோடு.

"தம்பி, இது கடல் தண்ணி பட்ட கை," என்றாள் அத்தை, அப்பாவிடம். யார் கூட்டிப்போனது என்று என்னைக் கேட்டாள்.

"அண்ணன்தான்! எல்லாரையும் முந்திக்கிட்டு அதுதான் முதல்ல வந்துச்சு!" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். என்னை அடிக்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே, பாப்பா," என்றார்.

அண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நாலு நாள் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு அவன் கடல் பக்கம் போகவில்லை.

அப்பாவும் அன்றோடு அவன் கையைப் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். சாயங்காலம் வந்தால் அண்ணனைத் தாண்டி நேரே உள்ளே போய்விடுவார். அண்ணன்மேல் அப்பாவுக்கு இருந்த சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று, அந்த வீட்டில் நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.