உப்பளத்தில் ஒரு வெல்லக்கட்டி

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவே இல்லை. கறுப்புக் கண்ணாடி, புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, இடுப்பில் சுருக்குப்பை. யார் தள்ளாடினாலும் உடனே ஒரு கணக்குக் கேட்பாராம்.

அன்று லோடு ஏற்ற லாரியோடு போன நான், சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு இட்லியை மறந்திருந்தேன். பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. வாய் மட்டும் அடங்கவில்லை. பக்கத்து லாரியில் ஏறி உட்கார்ந்து, என் சாவி நுழையவில்லை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெயில் மயக்கம் என்று நினைத்து, அங்கே வேலை செய்தவர்கள் உப்பளத்து வழக்கப்படி உப்பு மோரை நீட்டினார்கள். அந்த அம்மா மோரைத் தள்ளிவிட்டுச் சாவியைப் பிடுங்கினார்.

"ஏம்பா, ஏழும் எட்டும் எவ்ளோ?"

"பத்தாவதை மூணு தடவ எழுதனவன் நான்! என்னையே கேக்கறியா? சாவியக் குடு!"

"இது வெயில் இல்ல. சர்க்கர எறங்கி மூளை மக்கர் பண்ணுது. எனக்கும் இதே வியாதிதான். வாயத் தொற."

சுருக்குப்பையிலிருந்து வெல்லக்கட்டி வந்தது. கால் மணி நேரத்தில், உட்கார்ந்திருப்பது என் லாரியில் இல்லை என்று எனக்கே புரிந்தது.

"பதினஞ்சும்மா" என்றேன் வெட்கத்தோடு.

அவர் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, "சரியாடி?" என்றார்.

"உங்களுக்கே தெரியாதாம்மா?" என்றேன்.

"எனக்கு எதுக்குப்பா தெரியணும்? கோவப்படாம சொன்ன பாரு, அது போதும். போய் சாப்பிட்டு வா, அப்புறம்தான் சாவி."

விடை தெரிந்த வாத்தியார்கள் எத்தனையோ பேர் என்னைப் பெயிலாக்கியிருக்கிறார்கள். விடை தெரியாமலே பாஸ் போட்டவர் அந்த அம்மா ஒருவர்தான்.